ஒரு நாளும் தவறாதவள்

1909 அக்டோபர் 4, திங்கள்

கொடி மறுபடியும் எங்கள் வகுப்புக்கே வந்துவிட்டது. போன வாரம் ஐம்பத்திரண்டு பேரும் ஐந்து நாளும் வந்திருந்தோம். நீலப் பட்டில் மஞ்சள் நூலால் 'வருகையில் முதல்' என்று தைத்த கொடி அது. கிறிஸ்துமஸ் வரை வேறு வகுப்பு அதை வாங்கிவிடாமல் பார்த்துக்கொண்டால், அது எங்கள் சுவரிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடும் என்று மிஸ் பெல்லோ சொன்னார். அதை மாட்ட என்னைத்தான் நாற்காலியில் ஏறச் சொன்னார். நாற்காலியை அவரே பிடித்துக்கொண்டார்.

"ஆலிவ் டன்மோரைப் பாருங்க எல்லாரும். அஞ்சு வருஷமா ஒரு நாள்கூட லீவு கிடையாது. மழை, பனி எதுவும் அவளுக்குக் கணக்கில்லை."

நவம்பர் முடிந்தால் ஆறு வருடம். ஆறாம் வருடத்துக்கு வெள்ளி மெடல், பெயர் பொறித்துக் கொடுப்பார்கள்.

ஆனால் இதை எழுத நான் இந்தப் புத்தகத்தை எடுக்கவில்லை. (டிராம் டிப்போவில் தூக்கிப்போட்டதை அப்பா கொண்டுவந்தது. ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறும் தாள்.) நாற்காலி மேல் நிற்கும்போது என் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தைச் சுற்றித் தோல் வெள்ளையாகத் தூக்கிக்கொண்டிருந்தது. மெல்ல இழுத்தேன். வலிக்கவே இல்லை. விரல் நுனித் தோல் முழுசாக, சின்னத் தொப்பி மாதிரி கழன்று வந்தது. பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 5, செவ்வாய்

இன்று இன்னும் மூன்று விரல்.

யோசித்துப் பார்க்கிறேன். பத்து நாளுக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தொண்டை வலித்தது, வாந்தி எடுத்தேன். சனிக்கிழமை கழுத்திலும் மார்பிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. அம்மா சலவை ஆலையிலிருந்து ஏழு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, "பின்வேலியில செந்தட்டிச் செடி பட்டிருக்கு. அங்க போகாதேன்னு எத்தனை தடவை சொல்றது," என்று வினிகர் தடவினாள். திங்கட்கிழமை எல்லாம் சரியாகிவிட்டது. பள்ளிக்கும் போய்விட்டேன்.

கையை அம்மாவிடம் காட்டினேன். தன் கையைக் காட்டினாள். அவள் கையும் சலவைச் சோடாவில் வெடித்துத்தான் இருக்கிறது. "ரெண்டு பேரும் ஒரே ஜாதி," என்று சிரித்தாள்.

அக்டோபர் 6, புதன்

மிஸ் பெல்லோவிடம் காட்டினேன். எல்லோரும் விளையாடப் போன பிறகு, வருகைப் பதிவேட்டில் அவர் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது.

அவர் என் கையைத் தொடவில்லை. பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"தொண்டை வலிச்சுதா, ஆலிவ்?"

"போன மாசம், மிஸ். ரெண்டே நாள்."

"டாக்டர் யாராவது பார்த்தாங்களா?"

"இல்லை, மிஸ்."

பிறகு தன் கோட்டுப் பையிலிருந்து சாம்பல் நிறப் பருத்திக் கையுறையை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதைப் போட்டுக்கோ. கை வெடிப்புன்னு யார் கேட்டாலும் சொல்லு. ஒரு நாள் போச்சுன்னா அஞ்சு வருஷமும் போச்சு, கண்ணு. அது எனக்குத் தாங்காது. இன்னும் ரெண்டு மாசம்தான்."

"அம்மாகிட்ட—"

"அம்மாவை எதுக்குப் பயமுறுத்தணும். இது உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும்."

கண்ணு என்றார். அவர் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அக்டோபர் 9, சனி

வட்டார ஆபீஸ் சுவரில் புதுச் சுவரொட்டி. ரொட்டிக் கடைக்குப் போகும் வழியில் நின்று படித்தேன். செங்காய்ச்சல். தொண்டை வலி, வாந்தி, சிவந்த தடிப்பு. சில பிள்ளைகளுக்கு லேசாகத்தான் வரும். இரண்டு மூன்று வாரத்தில் கையிலும் காலிலும் தோல் உரியும். உரிந்து முடியும் வரை மற்றப் பிள்ளைகளோடு சேரக் கூடாது. மறைப்பது குற்றம். கீழே டாக்டர் கார்சைட், வட்டார ஆரோக்கிய அதிகாரி.

இரண்டு தடவை படித்தேன். பிறகு ரொட்டி வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா திட்டினாள்.

அக்டோபர் 12, செவ்வாய்

கேட்டுவிட்டேன். "இது செங்காய்ச்சலா, மிஸ்?"

சிரித்தார். "காய்ச்சல்காரி இப்படியா நிப்பா? காய்ச்சல்னா படுத்துக் கிடப்பா, வெயில்ல விட்ட வெண்ணெய் மாதிரி. நீ நேத்து கயிறு தாண்டினதை நான் ஜன்னல்ல பார்த்தேன்."

பி.கு. என் கணக்கு நோட்டில் இன்று 'மிக நன்று' என்று எழுதினார். இரண்டு கணக்கு தப்பு. எனக்கே தெரிகிறது தப்பு என்று.

அக்டோபர் 15, வெள்ளி

எதிர்வீட்டு மிஸஸ் கிளெக்கின் டோரியைத் தினமும் காலையில் நான்தான் கூட்டிப்போகிறேன். நாலு வயது. மழலையர் வகுப்பு வாசல் வரைக்கும் கை பிடித்துக்கொண்டு வருவாள். அங்கே அவள் கோட்டைக் கழற்றி மாட்டுவதும் என் வேலை. பெரிய வகுப்புப் பெண்கள் எல்லோருக்கும் அந்த வேலை உண்டு. கையுறையோடு பொத்தான் கழற்ற வரவில்லை, அதனால் கையுறையைக் கழற்றினேன்.

"ஆலி, நீ உரியறே," என்றாள். ரொம்ப சந்தோஷமாக. "உள்ள இன்னொரு ஆலி இருக்காளா?"

"இருக்கா. உன்னை மாதிரி குட்டியா."

"அவ எப்ப வெளிய வருவா?"

நானும் சிரித்தேன். எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 19, செவ்வாய்

டோரி வரவில்லை. மிஸஸ் கிளெக் ஜன்னலைத் திறந்து, "தொண்டை வலியாம், ராத்திரி பூரா சிணுங்கிட்டே இருந்தா. நீ போ கண்ணு, உனக்கு நேரமாச்சு. உன் மெடல் கெட்டுடப் போகுது," என்றார்.

போனேன்.

அக்டோபர் 21, வியாழன்

வண்டி வந்தது. காய்ச்சல் மருத்துவமனையின் பழுப்பு வண்டி, ஜன்னலில் திரை. தெருப் பிள்ளைகள் எல்லோரும் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்கள். நாலுகால் பிராணி ஒன்றைப் பார்க்கும் வரை காலரை விடக் கூடாது, எச்சிலும் விழுங்கக் கூடாது. விழுங்கினால் காய்ச்சல் நம்மைப் பிடிக்கும். வண்டிக் குதிரை கணக்கில் சேராது. அதைப்பற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பேக்கரி நாய் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் விழுங்கிவிட்டுச் சிரித்தார்கள்.

நான் காலரைப் பிடிக்கவில்லை. எனக்கு எதற்கு?

நர்ஸ் டோரியைக் கம்பளியில் சுற்றித் தூக்கிவந்தாள். டோரி என்னைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது, சரியாகத் தெரியவில்லை. மிஸஸ் கிளெக்கை ஏற விடவில்லை. வண்டிக்குப் பின்னாலேயே தெருமுனை வரை நடந்தார், ஏப்ரனோடு.

அக்டோபர் 25, திங்கள்

மருத்துவமனைக்குள் யாரையும் விடமாட்டார்கள். வாசலில் ஒரு பலகை வைத்து, பிள்ளைகளின் எண்ணை மட்டும் எழுதுகிறார்கள். 'முன்னேற்றம்', 'கவலை', 'அபாயம்' என்று மூன்று கட்டம். டோரி அறுபத்தொன்று. இன்று 'கவலை'.

மிஸ்ஸிடம் சொன்னேன். "என்னாலதானே, மிஸ்?" என்றேன்.

"அந்தப் பேச்சை இந்த அறைக்குள்ளகூடப் பேசாதே." குரல் வேறு மாதிரி இருந்தது. உடனே என் தோளில் கை வைத்தார். "நான் இருக்கேன்ல. எதுவானாலும் நான் பார்த்துக்கறேன்."

அதை நம்பினேன். நம்புகிறேன்.

அக்டோபர் 28, வியாழன்

61 அபாயம்.

அக்டோபர் 30, சனி

இன்று பலகையில் அறுபத்தொன்று இல்லை. மூன்று கட்டத்திலும் தேடினேன். அறுபது இருக்கிறது. அறுபத்திரண்டு இருக்கிறது.

நான் திரும்பி வருவதற்குள் மிஸஸ் கிளெக் வீட்டுத் திரைகளை இழுத்து மூடிவிட்டார்கள், சாவு வீட்டில் மூடுகிற மாதிரி.

நவம்பர் 1, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

டாக்டர் கார்சைட் பள்ளிக்கு வந்தார். நெட்டையான மனிதர், காலணியில் சேறு. வகுப்பு வகுப்பாக எங்களை வரிசையில் நிற்க வைத்தார்கள், கையை நீட்டி. மிஸ் பெல்லோ வரிசையோடு நடந்துவந்தார். என்னிடம் வந்ததும், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அந்த அழுக்குக் கையுறையைக் கழட்டு, ஆலிவ். டாக்டர் முன்னாடி என்ன இது," என்றார்.

அவருடைய கையுறை.

கழற்றினேன். டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தொட்டார். "இது எத்தனை நாளா?" என்று கேட்டார். மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட காட்டவே இல்லை, டாக்டர். குளிருதுன்னு கையுறையோடவே இருப்பா. கமுக்கமான பொண்ணு. மெடல் மேல அவ்வளவு வெறி. இப்படி ஒளிப்பான்னு நான் நெனைக்கலை."

ஒரு தடவை கூட நாக்கு தடுமாறவில்லை. ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருக்கிறார். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருப்பாரோ?

டாக்டர் என்னிடம், "அப்படியாம்மா?" என்றார். வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நடுவுல இருக்கட்டும்னு சொன்னாங்களே. சத்தியம் மாதிரிதானே அது. நான் அதைக் காப்பாத்தினேன். அவங்க எதைக் காப்பாத்தினாங்க?

நாளைக் காலை வண்டி எனக்கு. உள்ளே கொண்டுபோகிற காகிதத்தை எல்லாம் எரித்துவிடுவார்களாம். இந்தப் புத்தகத்தை வீட்டுச் சலவை அறையில், துணி பிழியும் எந்திரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போகிறேன்.

டிசம்பர் 4, சனி

வந்துவிட்டேன். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். கை இப்போது புதுசாக, வழவழப்பாக இருக்கிறது. யாருடையதோ மாதிரி.

வீடும் மாறிவிட்டது. என் அறையின் கதவு, ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி மூடி, கிருமி சாக மருந்துப் புகை போட்டிருக்கிறார்கள், சுவர்க் காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் வீட்டுக்காரி என்று அம்மாவைச் சலவை ஆலையில் மூன்று வாரம் வராதே என்றிருக்கிறார்கள். வாசற்கதவில் யாரோ சுண்ணக்கட்டியால் 'மெடல்' என்று எழுதியிருந்தார்கள். அம்மா துடைத்தும் தெரிகிறது.

மிஸஸ் கிளெக் எதிர்ப்பக்க நடைபாதையில் போனார். நான் ஜன்னலில் நின்றேன். பார்க்கவில்லை. அம்மாவிடம் அவர் சொன்னது இது, அம்மா சொல்லாமல் இருக்க முடியாமல் சொல்லிவிட்டாள்: "உங்க பொண்ணு ஒரு தகரத் துண்டுக்காக என் புள்ளையைக் கொண்டு போயிட்டா."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று அம்மா கேட்டாள். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அம்மாவிடம் காட்டினேனே. அதை நான் சொல்லவில்லை. அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 9, வியாழன்

மிஸ் வருவார் என்று தினமும் நினைக்கிறேன். தனியாக வந்து, அம்மாவிடம் சொல்வார். டாக்டர் முன்னால் பயத்தில் அப்படிச் சொல்லியிருப்பார். பெரியவர்களுக்கும் பயம் இருக்கும்தானே? நான் இன்னும் அவர் பெயரை யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 20, திங்கள்

பள்ளிக்கு முதல் நாள். என் பெஞ்சில் என்னோடு யாரும் உட்காரவில்லை. கொடி ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டது. மிஸ் பெல்லோ, "உட்காரு, ஆலிவ்," என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் 22, புதன்

பரிசு நாள்.

தலைமை ஆசிரியை பட்டியலை வாசித்தார். கல்வி ஆபீஸிலிருந்து அச்சடித்து வந்த பட்டியல். ஆறு வருடம், வெள்ளி மெடல்: ஒரே ஒரு பெயர். என் பெயர். அவரே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டார். கூடத்தில் யாரோ, "அது எப்படி?" என்று சத்தமாகவே கேட்டார்கள்.

"விதி இருக்கு," என்றார் தலைமை ஆசிரியை, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. "ஆரோக்கிய அதிகாரி உத்தரவால வீட்டுலயோ மருத்துவமனையிலயோ இருக்கற நாள், மெடலுக்கு லீவா எண்ணப்படாது. பதிவேட்டு முதல் பக்கத்துலயே அச்சுல இருக்கு. வகுப்புச் சதவீதத்துல மட்டும்தான் குறையும்."

போய் வாங்கினேன். கை தட்டியது ஒரே ஒருவர். திரும்பிப் பார்த்தேன். மிஸ் பெல்லோ.

இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

முதல் பக்கத்துல இருக்கு. தினமும் காலையில அவங்க திறக்கற பக்கம். அன்னிக்கு நான் கையைக் காட்டினப்ப அந்தப் புத்தகம் அவங்க முன்னாடியேதான் விரிஞ்சு கிடந்தது. அக்டோபர் ஆறாம் தேதியே டாக்டர்கிட்ட அனுப்பியிருந்தாலும் என் மெடல் எங்கேயும் போயிருக்காது. ஒரு நாள் போச்சுன்னா அஞ்சு வருஷமும் போச்சுன்னாங்களே. போயிருக்காது. கொடிதான் போயிருக்கும். கொடி மட்டும்தான்.

எனக்காகச் செய்தார் என்று நினைத்திருந்தேன். தப்புத்தான், ஆனால் என்மேல் ஆசையால் செய்த தப்பு என்று. மருத்துவமனையில் படுத்துக்கொண்டு அதை நினைத்து நினைத்துத்தான் தூங்கினேன்.

டிசம்பர் 23, வியாழன்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையுறை, கண்ணு என்றது, எல்லாம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு, "கோட்டைப் போடு," என்றாள். ஈரக் கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு வட்டார ஆபீஸுக்கு நடந்தாள்.

டாக்டர் கார்சைட் நான் சொன்னதை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். தேதியைக் கேட்டார். சொன்னேன், இந்தப் புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன்.

"கையுறை எங்கே?"

"மருத்துவமனையில எரிச்சுட்டாங்க, சார்."

"எங்க விதிதான்," என்றார். முகத்தைத் தடவிக்கொண்டார்.

கேட்டுவிட்டேன். "டோரிக்கு எங்கிட்டயிருந்துதான் வந்துதா?"

அம்மா, "அதெல்லாம் கேக்காதே," என்றாள். அவர் பேனாவை வைத்தார். "அந்த மாசம் இந்த வட்டாரத்துல முப்பத்தொரு கேஸ். யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"ஆனா நானா இருக்கலாமா?"

"இருக்கலாம்," என்றார்.

இரண்டு மாதத்தில் என்னிடம் ஒருவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. வெளியே வந்து அழுதேன். ஏனோ அதற்குப் பிறகு மூச்சு விட முடிந்தது.

1910 ஜனவரி 12, புதன்

டாக்டரின் புகாரை விசாரிக்கப் பள்ளி நிர்வாகிகள் கூட்டம். மிஸ் பெல்லோ கைக்குட்டையை வைத்து அழுதார். ஒன்பது வருட வேலை என்றார். "புள்ளைங்க கதை கட்டும். அதுக்காக நான் அவமேல கோபப்படலை," என்றார். டாக்டர் இரண்டு தடவை எழுந்து பேச முயன்றார்; இது ஆரோக்கிய அதிகாரி சோதிக்கிற சாக்கடை விஷயமில்லை என்று ஒரு நிர்வாகி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அப்பாவை அழைத்தார்கள். அப்பா ஊர்க் கவுன்சில் நடத்தும் டிராமில் கண்டக்டர். சிரிக்க வைத்த அந்த நிர்வாகிதான் டிராம் கமிட்டியிலும் இருக்கிறார். ஒரு காகிதத்தை நீட்டினார்கள். 'என் மகள் கற்பனை மிகுந்தவள். அவள் சொன்னதைத் திரும்பப் பெறுகிறோம்.' அப்பா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். குனிந்து, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். வாசலில் கேட்டேன்.

"நான் பொய் சொன்னேன்னு நெனைக்கிறியாப்பா?"

"இல்லை."

"அப்புறம் ஏன்?"

"உண்மை எங்கேயும் ஓடிடாது, ஆலி. வேலை ஓடிடும்."

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா சமையலறையில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். இப்பவும் உட்கார்ந்திருக்கிறார், கேட்கிறது, நாற்காலி கிரீச்சிடுகிறது. போய்ப் பேசணும்னு தோணுது. போகமாட்டேன்.

ஜனவரி 17, திங்கள்

மெடலைத் தலைமை ஆசிரியையின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 19, புதன்

உறையில் போட்டு வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெயர் பொறித்த மெடலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் இல்லையாம். அம்மா அதை அலமாரிக் காலுக்கு அடியில் வைத்தாள். இப்போது அலமாரி ஆடுவதில்லை.

பிப்ரவரி 3, வியாழன்

நடைவழியில் மிஸ் பெல்லோவும் நானும் மட்டும். ஒதுங்கினேன். நின்றார்.

"ஆலிவ், நீ நேரா எங்கிட்டயே வந்திருக்கலாம்."

உங்ககிட்டதானே முதல்ல வந்தேன். அதைக்கூடச் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது, நடிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. தான் சொன்ன பொய்யை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 1, செவ்வாய்

ஈஸ்டருக்குப் பிறகு மிஸ் பெல்லோ ரயில் பாலத்துக்கு அந்தப்பக்கம் கட்டும் புதுப் பள்ளிக்குப் போகிறார். முதல் உதவி ஆசிரியையாக. அவருக்கு வழியனுப்புப் பரிசு வாங்க வகுப்பில் ஒரு தாள் சுற்றிவந்தது, எல்லோரும் பெயர் எழுத. என்னைத் தாண்டிப் போய்விட்டது. எழுதியிருப்பேனா? தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 20, ஞாயிறு

அப்பா எனக்காக ஆரஞ்சு வாங்கிவந்து, உரித்து, சுளை சுளையாகத் தட்டில் வைத்தார். தின்றேன். நல்ல ஆரஞ்சு. நன்றி என்றேன், அந்நியரிடம் சொல்கிற மாதிரி. அப்பா தோலைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

ஏப்ரல் 23, சனி

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. மிஸஸ் கிளெக். அம்மா அவரைப் பார்த்ததும் என்னை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க பொண்ணை வரச் சொல்லுங்க," என்றார். கறுப்பு உடுப்பு, அதன் மேல் சமையல் ஏப்ரன். கையில் உள்ளூர்ப் பத்திரிகை.

"எதுவானாலும் எங்கிட்ட பேசுங்க," என்றாள் அம்மா.

"உங்ககிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்லை."

அம்மா விலகினாள். மிஸஸ் கிளெக் உள்ளே வந்து பத்திரிகையைச் சமையலறை மேசைமேல் விரித்தார். ஆல்டர் கிரீன் வட்டாரத்தின் 1909-ஆம் ஆண்டு ஆரோக்கிய அறிக்கை, டாக்டர் கார்சைட் எழுதியது. ஒரு பக்கம் முழுக்க. ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பேர் இறப்பு. பத்து வருடங்களிலேயே மிகக் குறைவு. திருப்திகரமான ஆண்டு. அதற்குக் கீழே ஓரிடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

'ஒரு நோயாளி பன்னிரண்டு வயது மாணவி. தோல் உரியும் நிலையில் நான்கு வாரங்கள் வகுப்பில் இருத்தப்பட்டாள், ஆசிரியைக்குத் தெரிந்தே. அதே பள்ளியின் மழலையர் வகுப்பில் ஒரு குழந்தை பின்னர் இறந்தது. வருகைக்காகக் கொடியும் பதக்கமும் தரும் வழக்கத்தைக் கைவிடுமாறு மூன்றாம் ஆண்டாக வேண்டுகிறேன்.'

"இது நீயா?"

"ஆமா."

"டீச்சருக்குத் தெரியும்னு போட்டிருக்கு."

"தெரியும். நான்தான் காட்டினேன்."

"இருந்தும் நீ என் புள்ளை கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனே."

"ஆமா."

எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். வேறு வார்த்தை எதுவும் உண்மையாக இல்லை. அம்மா அடுப்பருகே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மிஸஸ் கிளெக் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பத்திரிகையில் அறிக்கைக்குப் பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது, கோடும் எண்ணுமாக. அதன்மேல் விரலை வைத்து நகர்த்தினார்.

"நேத்திலேருந்து பாக்கறேன். இதுல எது எங்க டோரி?"

நான் குனிந்து தேடினேன். செங்காய்ச்சல். நோயாளிகள் 119. இறப்பு 4. அதில் ஐந்து வயதுக்குட்பட்டோர் 3.

"இது," என்று காட்டினேன்.

"மூணா?"

"மூணுல ஒண்ணு."

அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். "மத்த ரெண்டு யாரு?"

"தெரியாது."

"அந்த டாக்டருக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியும். எழுதி வெச்சிருப்பார்."

பத்திரிகையை மடித்தார். எழுந்தார். வாசல் வரை போய், என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "திங்கக்கிழமை காலையில போய்க் கேக்கப்போறேன். அந்த ரெண்டு புள்ளைங்களோட அம்மாவையும் பாக்கணும். ஆபீஸ்ல பேச எனக்கு வராது. பத்து மணிக்குத் தயாரா இரு."

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. வருகிறேன் என்றேன்.